பெயர் போடாத பாட்டு

போதகர் லிடன் ஐயா செய்த ஒரே தப்பு, பிடில்காரர்களைக் கோயிலின் மேல்மாடத்திலிருந்து கீழே இறக்கியதுதான். கிறிஸ்மஸ் காலையில் சாராயக்கடை மெட்டில் வேதாகமச் சங்கீதத்தை வாசித்தார்களாம், அந்தக் கோபம். லண்டனிலிருந்து ஆர்மோனியம் வந்தது. அவர் மனைவி வாசித்தார். பிடில்காரன் ஹேனஃபோர்ட் அன்றே எதிரிலிருந்த மெதடிஸ்ட் சபைக் கூடத்துக்குப் போனான். அவன் பின்னால் எங்கள் போல்வென் ஊரே போயிற்று. மணி அடிக்கும் கோயில்பிள்ளை வேலை என்பதால் நான் மட்டும் மிஞ்சினேன். எனக்கும் அந்தப் பெட்டி பிடிக்காது, அது வேறு விஷயம்.

பதினோரு வருடம் ஓடிவிட்டது. தினமும் காலையில் நான் மணி அடிப்பேன். ஐயா அங்கியோடு வந்து, ஆள் உட்காராத காலிப் பலகைகளைப் பார்த்து, "எனக்கு மிகவும் பிரியமான சகோதரரே" என்று தொடங்குவார். சங்கீதத்தில் ஒரு வசனம் அவர், அடுத்தது நான். எனக்குச் சளி பிடித்தால் சபை முழுவதும் இருமும்.

மனைவி இறந்த குளிர்காலத்தில் ஐயா ஒரு பாட்டு எழுதி, எனக்கு மட்டும் படித்துக் காட்டினார். பெயர் போடாமல் ஒரு பாட்டுப் புத்தகத்தில் அது அச்சானது. தன் கோயிலில் சபை அதைப் பாட ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பாட ஆள் வேண்டுமே.

கொஞ்ச நாளாக ஞாயிறு மாலைகளில் அந்தப் பாட்டு எதிர்க் கூடத்திலிருந்து கேட்டது. மெட்டு ஹேனஃபோர்டுடையது. ஒரு ஞாயிறு ஐயாவால் பொறுக்க முடியவில்லை. தெருவைக் கடந்து, ஜன்னலுக்கு வெளியே, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூறலில் நின்றார். நானும் போய் அவர் பின்னால் நின்றேன்.

கூட்டம் கலைந்தபோது ஹேனஃபோர்ட் பார்த்துவிட்டான்.

"என்னய்யா, வழி தவறிட்டீங்களா? உள்ள வந்தா தீட்டா?"

"நல்லா இருந்துச்சுப்பா. யார் எழுதினது?"

"யாரோ நம்மள மாதிரி அடிபட்டவன். உங்க பெட்டிக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது?"

நான் வாயைத் திறந்தேன். ஐயா என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"ஏங்கய்யா தடுத்தீங்க?" என்றேன், கோயில் வாசலுக்கு வந்ததும். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் மூஞ்சி செத்துப்போயிருக்கும்."

"சொல்லியிருந்தா, அப்புறம் அதைப் பாட மாட்டாங்க, ஜேபஸ்."

மறுநாள் காலை வழக்கம்போல மணி அடித்தேன். சங்கீதம் முடிந்தது. ஐயா அடுத்த பக்கத்தைப் புரட்டுமுன் நான் எழுந்து அந்தப் பாட்டைத் தொடங்கினேன், ஹேனஃபோர்டின் மெட்டிலேயே. என் குரல் கழுதைக்குக்கூடப் பிடிக்காது. ஐயா புத்தகத்தை மூடிவிட்டு, காலிப் பலகைகளைப் பார்த்தபடி நின்றார். ஐந்து சரணமும் முடியும்வரை சபை உட்காரவில்லை.