அறுபது மீட்டர் நூல்

எழிலரசனிடம் இருக்கும் நீலக் கம்பளி நூலுருண்டை அறுபது மீட்டர்தான்; மூன்று ஆண்டுகளாகக் கடலுக்குள் நீண்டு கிடந்தும் அது தீரவில்லை. தையல் சாமான் கடை கமருஸ்ஸமான், தான் அளந்து கொடுத்ததில் தப்பில்லை என்கிறார். குருசுக்குப்பத்து மீனவர்கள் நூலைத் துடுப்பால் சற்றே தூக்கிவிட்டு அதனடியில் படகை ஓட்டிப் போகிறார்கள்.

நூல் ஒரு நாடகத்துக்காக வாங்கியது. இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன கொத்தனார்களைப் பற்றி, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஜெயம் எழுதிய நாடகம். அந்த ஊர்களில் கப்பலேறுகிறவர் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாராம். உருண்டை கரையில் நிற்பவர் கையில் இருக்கும். கப்பல் நகர நகர நூல் பிரியும். தீர்ந்த பிறகும் சற்று நேரம் காற்றில் மிதக்கும். அதுதான் முதல் காட்சி. பிறகு வரும் காட்சிகளில் அவர்கள் சுரங்கம் தோண்டினார்கள். இறங்கிய துறைமுகத்தில் எழுத்தர் தப்பாக எழுதிய பெயரோடே வாழ்ந்து செத்தார்கள். சொந்த ஊர்ப் புனிதரின் சிலையை அந்நியத் தெருவில் தோளில் சுமந்தார்கள். ஒத்திகை பார்க்க வந்த, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் வீட்டுக் கிழவர் ஒருவர், "இத்தாலியாவது ஒண்ணாவது, இது எங்கப்பா ஏறுன சைகோன் கப்பலு" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கப்பலேறும் நிக்கோலாவாக நடிக்கவிருந்தவன் எழிலரசன். கரையில் நிற்பவளாக அவன் மனைவி கலைமகள். நிக்கோலாவுக்கு அந்தக் காட்சியில் ஒரே சொல்: "போறேன்." ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அவன் அதைச் சொல்லிப் பார்த்தான்.

"வாசப்படியில நின்னு சொல்ற வார்த்தையா அது? வரேன்னு சொல்லுங்க."

"இத்தாலிக்காரன் வசனம்டி."

"இத்தாலிக்காரன் வாயில வரேன்னு வராதாமா?"

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். நண்பகலில் அவளுக்குத் தலையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கருமாதி கழிந்து ஒத்திகைக்கு வந்தான். அந்தச் சொல் வாயிலிருந்து வரவில்லை.

"வரேன்னே மாத்திச் சொல்லிடேன் எழிலு," என்றார் ஜெயம்.

"இப்பச் சொல்லி யாருக்கு மேடம்?"

"அப்பக் கரையில நில்லு. கரையில நிக்கிறவங்களுக்கு வசனம் கெடையாது."

கடற்கரையை ஒட்டிய மண்டபத்தில் நாடகம் நடந்தது. நிக்கோலாவாக வந்த வடிவேல் "போறேன்" என்று சொல்லி, திரைக்குப் பின்னால் போய் நூலை விட்டான். நூல் விழவில்லை. வடிவேலைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியேறி, சாலை விளக்குகளுக்கு மேலாகக் கடல் பக்கம் போயிற்று. தந்திரம் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. எழிலரசன் உருண்டையோடு நின்ற இடத்திலேயே நின்றான். சுரங்கத் தொழிலாளர்கள் நூலுக்கு அடியில் குனிந்து போனார்கள்; புனிதர் சிலையைச் சாய்த்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கடைசித் திரை விழும் நேரத்தில், நாடகத்தில் இல்லாத ஒரு சொல்லை அவன் சொன்னான்: "வரேன்."

பிரிந்துகொண்டிருந்த உருண்டை நின்றது. மறுமுனையிலிருந்து நூல் ஒருமுறை இழுபட்டது.

இப்போது உருண்டை அவன் வீட்டு மாடி ஜன்னலில் இருக்கிறது. காலையில் அதைத் தொட்டு வரேன் என்பான், ஒருமுறை இழுபடும், பூட்டிக்கொண்டு அரியாங்குப்பத்து அலுவலகத்துக்குப் போவான். போன ஆடியில் ஒருநாள் அவசரத்தில் சொல்லாமல் கிளம்பிவிட்டான். ஆற்றுப்பாலத்தின் நடுவில் நினைவு வந்து, வண்டியைத் திருப்பி, மாடியேறிச் சொல்லிவிட்டுப் போனான். அலுவலகத்தில் அரை மணி தாமதம் என்று குறித்தார்கள். காரணம் கேட்கவில்லை, அவர்களும் வீட்டில் வரேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.