வானூர் கடைக்காரம்மா

சேட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க விலை, மூட்டைக்கு நூற்றி எண்பது ரூபாய். அது அவர் சொல்லும் விலை. விருத்தாம்பாள் நூற்றைம்பதுக்கு மேல் ஏறமாட்டாள். இந்த முப்பது ரூபாய் இடைவெளியில்தான் ஒரு வருஷமாக அவள் குடித்தனம் நடக்கிறது.

அவள் புருஷன் சேட்டு, மரக்காணத்தில் உப்புத் தரகராக இருந்தவர். உப்பளத்துக்காரருக்கும் லாரிக்காரருக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கி, இரண்டு பக்கமும் நல்லவர் என்று பெயரும் வாங்கினவர். லேசான வேலை இல்லை. விலையை வாயால் சொல்லமாட்டார். தோள் துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். உள்ளே ஒரு லோடு கை மாறியிருக்கும்.

மறதி நோய் வந்ததும் முதலில் சாவியை மறந்தார். பிறகு தெருவை. பிறகு மெட்ராஸில் வேலை பார்க்கும் மகள் பிரியதர்ஷினியை. வீடியோ காலில் அவள் முகம் வந்தால், "லோன் கட்டியாச்சுன்னு சொல்லு" என்பார். ஒரு மத்தியானம் விருத்தாம்பாளின் முறையும் வந்தது. சோறு வைத்தவளை நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரும்மா நீங்க?" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியாமல் பிறந்த ஊரைச் சொன்னாள். "வானூருங்க."

"மளிகைக் கடையா? எத்தினி மூட்டை வேணும்?"

துண்டு அவள் கைமேல் விழுந்தது. அன்றிலிருந்து அவள் வானூர் கடைக்காரம்மா.

விரல் பாஷை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், எட்டுப் பேர் புழங்கும் வீட்டில், மாமியார் எதிரில் பெண்டாட்டி கையைப் பிடிக்க சேட்டு கண்டுபிடித்த வழி அது. "தொழில் கத்துக் குடுக்கறேம்மா" என்று துண்டைப் போட்டுவிடுவார். பாடம் முடியும்போது அவள் உள்ளங்கை நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அந்த அழுத்துக்கு உப்பு வியாபாரத்தில் விலை கிடையாது. மாமியார், "மருமவ நல்லா கத்துக்கறாளா?" என்று கேட்பாள். இவளுக்குக் காது சிவந்துவிடும்.

இப்போது அந்தப் பாடம்தான் சோறு ஊட்டியது. பேரம் நடக்கும்போது தரகர் எழுந்திருக்கமாட்டார். இடது கை துண்டுக்குள் வாதாட, அவள் வலது கையால் ஊட்டுகிற கவளத்தை வாயில் வாங்கிக்கொள்வார். ஒருதரம் இரக்கப்பட்டு நூற்றி எண்பதுக்கு ஒத்துக்கொண்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. வியாபாரம் முடிந்ததல்லவா, மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரி பார்க்கக் கிளம்பிவிட்டார். பைபாஸ் ஓரம் டீக்கடை ஐயப்பன் பார்த்து, பேச்சுக் கொடுத்துக் கூட்டிவந்தான். அதற்குப் பிறகு அவள் எந்தப் பேரத்தையும் முடிக்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரியதர்ஷினி போன் செய்தாள்.

"அம்மா, பெரிய முதலியார்சாவடிகிட்ட ஒரு ஹோம் இருக்குது. மறதி வந்தவங்களுக்குன்னே. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

"எனக்கா, அவருக்கா?"

"வெளையாடாத. உனக்கு முதுகு போயிடுச்சு. யாருகிட்டயாவது பேசி எத்தினி நாளாச்சு?"

"நெதம் பேசறேனே. மூட்டை நூத்தம்பது, மூட்டை நூத்தம்பதுன்னு."

மகள் சிரிக்கவில்லை. "அவருக்கு உன்னை யாருன்னே தெரியலம்மா. வானூர் கடக்காரிக்காக நீ ஏன் சாவற?"

விருத்தாம்பாள் "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அவர் மண்டைக்குள் எங்கேயாவது ஒரு மூலையில் தான் இருந்தால் அனுப்புவதில்லை. இல்லையென்றால், யாரோ ஒரு கடைக்காரி யாரோ ஒரு தரகரை எதற்குக் கட்டிக்கொண்டு அழுவது?

சாயங்காலம் வழக்கம்போல் துண்டு விழுந்தது. எப்போதும்போல் நூற்றி எண்பதில் ஆரம்பித்தார். அவள் நூற்றைம்பது என்றாள். அவர் ஒரு விரலை விட்டுக்கொடுத்தார். அவள் விலை சொல்லவில்லை. அவர் உள்ளங்கை நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

சேட்டு நெருப்பைத் தொட்டவர்போல் கையை உருவிக்கொண்டார்.

"இன்னாம்மா இது?"

"ஏங்க, தெரியலியா?"

"தெரியுது. அதான் கேக்கறேன்." குரலை இறக்கினார், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. "வியாபாரத்துல ஆம்பள பொம்பள பாக்காம கை குடுக்கறேன். நீங்க இப்படிப் பண்ணலாமா? இது எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் உள்ளது. அவ வந்தா இன்னா நெனைப்பா?"

"உங்க பொண்டாட்டி பேரு?"

"விருத்தாம்பா. கடத்தெருவுக்குப் போயிருக்கா, வந்துருவா. நீங்க எழுந்திரிங்க."

அவள் எழுந்தாள். அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னது குறைவு. இன்று சொன்னார், வேறொருத்தியிடம்.

மறுநாள் மகளுக்குப் போன் செய்து, வேண்டாம் என்றாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு உன்னைத் தெரிஞ்சுதா?"

"என்னைத் தெரியல. அவரு பொண்டாட்டியத் தெரியுது."

"அப்படின்னா?"

"அப்படித்தான்."

அதற்குப் பிறகு சேட்டு அவளுக்குக் கை கொடுக்கவில்லை. துண்டை மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், கெட்ட பார்ட்டியிடம் சரக்கை மறைப்பவர்போல. பேரம் நின்றால் தெருவில் இறங்கிவிடுவாரோ என்று அவள் பயந்தாள். இறங்கவில்லை. பெண்டாட்டி வருகிற நேரத்தில் வீட்டில் இல்லாவிட்டால் எப்படி? வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் தட்டை எட்ட வைத்தாள். "உங்க வூட்டம்மா ஆக்கி வெச்சிட்டுப் போச்சுங்க. சாப்பிடச் சொல்லுச்சு."

ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"கொழம்புல உப்பு அளவா இருக்குது பாத்தீங்களா? அவ கை அப்படி."

"ஆமாங்க," என்றாள் விருத்தாம்பாள்.

அவர் சாப்பிடுவதைக் கதவோரம் நின்று பார்த்தபடி மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். வரவு: மனுஷர் வீட்டில் இருக்கிறார், அவருக்குப் பெண்டாட்டி நினைவிருக்கிறது. செலவு: ஒரு கை. பாக்கி: கடைத்தெருவுக்குப் போனவள் இன்னும் திரும்பி வரவேண்டும்.