வலைக்கு இந்தாண்ட

வடக்கனந்தலைத் தாண்டி இருக்கும் செல்லமுத்துவின் கோழிப்பண்ணையில், அந்தக் கார்த்திகை மாதம் ஷெட்டின் நட்டநடுவே ஒரு வலை கட்டினார்கள். இடப்பக்கம் ஆயிரத்தைந்நூறு குஞ்சு, வலப்பக்கம் ஆயிரத்தைந்நூறு. தீவனம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வலப்பக்கத்துத் தீவனத்தில் மட்டும் பச்சிலைப் பொடி சேரும்.

குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, ஷெட்டும் பாடும் செல்லமுத்துவுடையவை. கம்பெனி சொல்லாமல் கோழிக்கு ஒரு துளசி இலைகூடப் போடக்கூடாது. ஆன்டிபயாட்டிக் போடாத கோழிதான் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்க, கம்பெனி அதை நிறுத்தியது. அதற்கப்புறம் இரண்டு பேட்ச் கோழி கொத்துக்கொத்தாகச் செத்தது. மூன்றாவது பேட்சும் அப்படியே போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். கம்பெனி சூப்பர்வைசர் பிரவீன்குமாரைச் செல்லமுத்து விடாமல் நச்சரித்து இந்தச் சோதனைக்குச் சம்மதம் வாங்கியிருந்தார்.

"ஒரே பேட்ச்தாண்ணா. தோத்துட்டா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது," என்று பிரவீன்குமார் கறாராகச் சொல்லிவிட்டான்.

வெள்ளிமலைக்கு வண்டியில் போய் நிலவேம்பும் கடுக்காயும் வாங்கி வந்தது செல்லமுத்து. அவற்றோடு மஞ்சள், பூண்டு, சீரகம், கீழாநெல்லி சேர்த்துக் காயவைத்து, மில்லில் அரைத்து, சலித்து, மூட்டைக்கு இவ்வளவு என்று கலந்தது பண்ணையாள் நிர்மலா. ஷெட்டை ஒட்டிய அறையில்தான் அவளும் புருஷன் பிச்சைமுத்துவும் குடியிருந்தார்கள். அவன் கரும்பு வெட்டப் போய்விட்டால் மூவாயிரம் உயிருக்கும் அவள் ஒருத்திதான்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் கோழி பிடிக்கும் வண்டி வந்து நின்றது. பிரவீன்குமார் முதலில் அட்டையைத்தான் எடுத்தான். தினமும் எத்தனை செத்தது என்று நிர்மலா அதில் எழுதியிருந்தாள். கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இடப்பக்கம் முப்பத்தொண்ணு. பச்சிலை பக்கம் தொண்ணூத்தி நாலுண்ணா."

செல்லமுத்துவுக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல் இருக்கும். அன்றைக்கு அதுகூட வரவில்லை. தீவன மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். வெள்ளிமலை ஏறி இறங்கியதும், கம்பெனியிடம் மார்தட்டிப் பேசியதும் எல்லாம் வீண். நிர்மலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் வேலையும் போகும், தங்கியிருக்கும் அறையும் போகும். சொல்லாவிட்டால் பொடி போகும்.

"ஐயா, நான் ஒரு தப்பு பண்ட்டேன்," என்றாள்.

"இன்னாத்த பண்ண?"

"இந்தாண்ட எதுனா குஞ்சு றெக்கைய தொங்கப் போட்டுக்கினு நின்னா, தூக்கி அந்தாண்ட வுட்டுட்டேன். பொடி தின்னா பொழச்சிக்கும்னு. கண்ணெதிர்க்க சாவுறத பாத்துக்கினு இருக்க முடியலீங்க."

"எத்தினி?"

"எண்ணலீங்க."

செல்லமுத்து எழுந்தார். இப்போது கோபம் வந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். வலை எதற்குக் கட்டினோம், வேடிக்கைக்கா என்று கேட்டார். பிரவீன்குமார் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணிப் பிடிக்கச் சொன்னான்.

இடப்பக்கம் ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்பது இருக்க வேண்டும். இருந்தது ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு. வலப்பக்கம் ஆயிரத்து நானூற்று ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு. இருநூற்றுப் பன்னிரண்டு சீக்குக் கோழி வலை தாண்டியிருந்தது.

பிரவீன்குமார் தலையைச் சொறிந்தான். "அண்ணா, செத்த தொண்ணூத்தி நாலும் அக்கா தூக்கி அந்தாண்ட வுட்டதுன்னே வெச்சிக்குங்க. அப்பவும் சாவக் கெடந்ததுல நூத்திப் பதினெட்டு பொழச்சிருக்கு."

"அப்ப பொடி ஜெயிச்சிடுச்சின்னு எழுதேம்பா!"

"எழுத முடியாதுண்ணா. கோழிய மாத்திட்டா அது சோதனையே இல்ல. நான் ஆபீஸ்ல கெஞ்சி இன்னொரு பேட்ச் கேக்கறேன். ஆனா ஒரு குஞ்சுகூட வலை தாண்டக்கூடாது."

வேறு ஆள் வைக்கலாமா என்றும் கேட்டான். செல்லமுத்து நிர்மலாவை முறைத்தார். "வேற யாருக்கு இந்தப் பொடி பக்குவம் தெரியும்? இவதான் பாக்கணும். கைய கட்டிக்கினு பாக்கட்டும்."

தை மாதம் புதுக்குஞ்சு வந்தது. எட்டாம் நாள் இடப்பக்கத்தில் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு வலையோரமாக நின்றது. நிர்மலா குனிந்து தூக்கினாள். உள்ளங்கையில் சூடாக இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் பொடி கலந்த தீவனத்தட்டு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டாள். தண்ணீர்க் குழாயருகே நகர்த்தி வைக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அட்டையில் இடப்பக்கம் ஒன்று என்று எழுதினாள். பாவம் பிடித்த எழுத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் இடப்பக்கம் நடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினாள். அப்படியும் எல்லாமே கண்ணில் பட்டது.

நாற்பத்திரண்டாம் நாள் பிரவீன்குமார் அட்டையைக் கூட்டினான். எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகவில்லை. இடப்பக்கம் நூற்றொன்பது, வலப்பக்கம் முப்பத்தெட்டு. வலப்பக்கத்துக் கோழி எடையிலும் ஒரு பிடி ஜாஸ்தி. செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்காரர்களுக்கெல்லாம் டீ சொன்னார். அடுத்த பேட்சிலிருந்து ஷெட் முழுக்கப் பொடி போடலாம் என்று ஆபீஸிலும் சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, அட்டைய புடிச்சிக்கினு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றான் பிரவீன்குமார்.

நிர்மலா அட்டையை வாங்கவில்லை.

"அந்த நூத்தொம்பதுல பாதி பொழச்சிருக்கும் சார். எதெது பொழச்சிருக்கும்னுகூட எனக்குத் தெரியும்."

செல்லமுத்து கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பிரவீன்குமார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வண்டி கிளம்பிய பிறகு வலையைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நிர்மலா ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். கடைசி முடிச்சு இறுகிப்போய் வரவில்லை. செல்லமுத்து வந்து அரிவாளால் அறுத்துவிட்டார்.