மாமா முடிக்கும் வரை

அவளுக்கு வீட்டில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். வைத்தவன் கணவன். தையல் கடையில் மற்றவர்கள் ஊசியில் நூல் கோப்பதற்குள் அவள் ஒரு கால்சட்டையைச் சுருக்கித் தைத்துக் கொடுத்துவிடுவாள். வேலையில் அது வரம்தான். பக்கவாதத்தில் நாக்கு இழுத்துக்கொண்ட மாமனாரிடம் அதுவே வம்பாகிப் போனது.

அவர் வாயைத் திறந்தாலே, தாகம் என்று எண்ணி அவள் தண்ணீரை நீட்டிவிடுவாள். அவர் சொல்ல வந்ததோ மின்விசிறியை நிறுத்து என்று. பாவம் மனிதர், வந்த தண்ணீரைக் குடித்துவைப்பார்.

சாப்பாட்டு ஜெபமும் அப்படித்தான். "ஆண்டவரே..." என்று அவர் திணறும்போதே அவள் புகுந்து, "இந்தச் சாப்பாட்டை ஆசீர்வதியும்" என்று முடித்துவிடுவாள். சில நாட்களாக அவர் ஜெபிப்பதே இல்லை. நீயே சொல் என்று கையைக் காட்டிவிட்டுத் தலை குனிந்துகொள்கிறார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அன்று அவளைத் தனியே கூப்பிட்டாள். "அவர் வார்த்தைய நீங்க சொல்லிடுறீங்க. இப்படியே போனா முயற்சி பண்றதையே விட்டுடுவாரு. அப்புறம் பேச்சு திரும்பாது."

அவளுக்கு முகம் தொங்கிப்போனது. போதகர் நீடிய பொறுமையைப் பற்றிப் பேசிய ஞாயிறன்று, இது உங்களுக்குத்தான் என்று கணவனை முழங்கையால் இடித்தவள் அவள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, "ஆண்டவரே, என் வாயைக் கொஞ்சம் கட்டிவையும்" என்று வேண்டிக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், "மாமா, இன்னிக்கு நீங்கதான் ஜெபம் பண்ணணும். நான் குறுக்க வரமாட்டேன்" என்றாள்.

அவர் நம்பாமல் மகனைப் பார்த்தார்.

"ஆரம்பிங்கப்பா. வந்தா நான் அவ வாயப் பொத்திடுறேன்" என்றான் அவன்.

"ஆண்டவரே..." என்றவர் அங்கேயே நின்றார். சாப்பாடு ஆறியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி முடிந்து விளம்பரம் ஓடியது. அவள் நாக்கு நுனியில் வார்த்தைகள் வரிசைகட்டி நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்... மரு... மகளுக்கு..."

அவளுக்குக் காது சுட்டது. பொறுமையைக் கொடும் என்று கேட்கப் போகிறார். மகனிடம் சொல்லாமல் நேரே ஆண்டவரிடமே கோள் மூட்டுகிறார். கேட்கட்டும், நியாயம்தானே. தானே சொல்லி முடித்துவிட்டால் வெட்கமாவது சீக்கிரம் தீரும். வாயைத் திறந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு மூடினாள்.

"கொஞ்சம்..." நெற்றி நரம்பு புடைக்க அவர் மூச்சு வாங்கினார். "கொஞ்சம்... ஓய்வு... கொடும். காலைல... இருந்து... ஓடுறா."

அவள் கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. எத்தனை நாள் இதைச் சொல்ல வாயெடுத்தாரோ, எத்தனை முறை தான் வெட்டிவிட்டோமோ.

ஜெபம் முடிந்தது என்று நினைத்து, கணவன் கரண்டியை எடுத்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. மாமா இன்னும் முடிக்கல."