இருவருக்கும் நல்லவர்

வேதபாட வகுப்புக்குப் போதகர் அன்று ஒரு கிரேக்கச் சொல்லோடு வந்திருந்தார். அரெஸ்கெயா. பிரியப்படுத்துதல் என்று அர்த்தம்.

"ஆதிக் கிறிஸ்தவங்க எழுதினதுல இது நல்ல வார்த்தை. கடவுளுக்குப் பிரியமா நடக்கிறதைச் சொல்லும். ஆனா அதுக்கு முன்னாடி கிரேக்கர்களுக்கு இது பாதி வசவு," என்றார் உற்சாகமாக. "எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கத் துடிக்கிறவனோட குணம். ரெண்டு பேர் சண்டை போட்டா, தனித்தனியா போய் நீங்கதான் சரின்னு ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த தையல்கடைக்காரியும், ஜன்னலோரம் இருந்த அவள் தங்கையும் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற தகராறில் இருவருக்கும் மாதக்கணக்காகப் பேச்சில்லை. இப்போது அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பிறகு இருவரும் போதகரைப் பார்த்தார்கள்.

"உன் பக்கம்தான் நியாயம்னு எங்கிட்ட சொன்னீங்களே, ஐயா. அவகிட்டயுமா?" என்றாள் அக்கா.

"ஒரு எழுத்து மாறாம," என்றாள் தங்கை.

போதகரின் முகம் சுண்டிப்போயிற்று. ‘ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சும்மா’ என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் அதே குணம்தான் என்று உறைத்தது.

"ஆமா, சொன்னேன். ரெண்டு பேருமே என்மேல வருத்தப்படக் கூடாதுன்னு."

முடிவு ஜெபத்தை வேறொருவரைச் செய்யச் சொன்னார்.

மறுநாள் தையல்கடையின் பின்னறைக்குப் போனார். துணி மூட்டைகளுக்கு நடுவே அம்மாவின் கட்டில். பலமுறை அங்கே வந்திருக்கிறார். ஜெபம் பண்ணிவிட்டு, மகளோடு பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"உங்களுக்கு எங்க இருக்க விருப்பம், அம்மா?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான் கேக்கத் தோணிச்சா? என் வீடு பூட்டித்தானே கிடக்கு. அங்க இருக்கேன், மாறி மாறி வந்து பாத்துக்கங்கன்னு முதல்லயே சொன்னேன். ஐயாவே என் பக்கம்தான்னு ஆளாளுக்குச் சொல்லி என் வாயை அடைச்சிட்டாளுங்க."



அன்று மாலையே மகள்கள் இருவரையும் அந்தக் கட்டிலருகே வரவழைத்தார். "அம்மா சொல்றதுதான் சரி. நீங்க ரெண்டு பேருமே தப்பு. உங்களைவிட நான் பெரிய தப்பு." அக்கா அழுதாள். தங்கை எழுந்து போய்விட்டாள். ஆனால் அந்த வாரமே அம்மாவின் வீட்டைத் திறந்து பெருக்கித் துடைத்தவளும் அவள்தான்.

ஞாயிறு ஆராதனைக்குத் தங்கை வரவில்லை. அக்கா வந்தாள், வாசலில் கைகுலுக்க நின்ற போதகரைச் சுற்றிக்கொண்டு போனாள். பிறகு அம்மாவை அவருடைய சொந்த வீட்டில் பார்க்கப் போதகர் போனபோது தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"தூங்குறாங்க," என்றாள்.

"சரிம்மா. நான் வெளியில இருக்கேன்."

அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. போதகர் வாசற்படியில் உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் வணக்கம் சொன்னபோதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.