சுவரைப் பார்த்து நின்ற டிராகன்கள்

1996 நவம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை காலை, நிலக்கரிச் சுரங்க ஊரான கிரிம்ஸ்தார்ப்பில் நெவில் ஷாக்லாக் வீட்டு முன்னறையில் இருந்த நூற்று எண்பத்தேழு டிராகன்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. எல்லாம் ஈயத்தில் வார்த்தவை. சுண்டுவிரல் உயரத்திலிருந்து பூனைக்குட்டி உயரம் வரை, ஒவ்வொன்றும் நெவில் தன் கையால் வர்ணம் பூசியது. முந்தின நாள் வரை அறையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றவை, விடிந்து பார்த்தால் முதுகைக் காட்டின. அடித்தட்டோடு ஆணியடித்து வைத்திருந்தவைகூடக் கழுத்தை மட்டும் முறுக்கித் திருப்பிக்கொண்டிருந்தன. வர்ணத்தில் ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் என்று பார்த்தால், மழை பெய்தது, பால் பாட்டிலுக்கு ஒரு பென்னி ஏறியது. அவ்வளவுதான்.

நெவிலின் மனைவி டொரீன் தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்தாள். "நான் தொடவே இல்லப்பா. தூசி தட்டவே என்னைய விடமாட்ட, இதுல நான் எங்க திருப்பி வைக்கிறது?" என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நெவ், என்ன பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டாள். முப்பது வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எதை எங்கே கேட்க வேண்டும் என்று தெரியாதா என்ன. ஊர்க்காரர்களும் பெரிதாக ஆச்சரியப்பட்டுவிடவில்லை. அந்த ஊருக்கு முதுகு புதிதா? சுரங்க வேலைநிறுத்தத்தில் பாதியில் வேலைக்குப் போனவர், போகாதவர் என்று ஊர் பிளந்த வருஷத்திலிருந்து அண்ணனுக்குத் தம்பி முதுகைத்தான் காட்டுகிறான், ரொட்டிக் கடை வரிசையில் மாமியாரும் மருமகளும் முதுகோடு முதுகாக நிற்கிறார்கள். அதில் நூற்று எண்பத்தேழு டிராகன்கள் கூடுதலாகச் சேர்ந்துகொண்டன என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

நெவில் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் அவர், உள்ளே இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுத்து வாங்கும் விளக்கறையில் வேலை பார்த்தவர். தரைக்கு மேலே வேலை, சுத்தமான கை. அவருடைய சிநேகிதர் ரெஜ் ஹாலம் பூமிக்கு அடியில் துளைப்பான் பிடித்தவர். அந்த இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து ரெஜின் விரல்கள் குளிர்காலத்தில் மெழுகுபோல வெளுத்துப்போகும், சட்டைப் பொத்தானே அகப்படாது. சுரங்கம் மூடியபின் வேலையற்ற ஆண்பிள்ளைகள் ஒன்பது பேர் செவ்வாய்க்கிழமை தோறும் தொழிலாளர் மன்றத்தில் கூடி டிராகன்களுக்கு வர்ணம் பூசினார்கள். வெறும் ஈய வார்ப்பாக வாங்க ஒரு டிராகன் எட்டு பவுண்டு, சின்னதென்றால் மூன்று. பெண்டாட்டிமார் "பொம்ம வெளயாட்டு" என்றார்கள். அது ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கூச்சத்துக்கு இது தேவலை. இந்தக் கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர், நெவில் அதன் செயலாளர். அது மட்டுமில்லை, பொதி கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு டிராகனின் வடிவத்துக்கும் ஃபோமில் குழி வெட்டி, இறக்கைக்கு இரண்டு சுற்று டிஷ்யூ பேப்பர் சுற்றி, அவர் கட்டின பெட்டியை மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே ஒரு நகம் உடையாது. வார்னிஷ் முழுசாகக் காயாத டிராகனை எவனாவது பபிள் ராப்பில் சுற்றிக்கொண்டு வந்தால், அந்தக் குமிழியெல்லாம் வட்டம் வட்டமாக வர்ணத்தில் பதிந்திருப்பதைக் காட்டி, "இதென்ன டிராகனா, அம்மை போட்ட கோழியா?" என்று மானத்தை வாங்குவார்.

அந்த வருஷம் நாட்டிங்ஹாமில் நடந்த பொம்மை வர்ணப் போட்டிக்குச் சங்கத்திலிருந்து யாருடையது போவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். ரெஜின் பெயர் வந்தது. ரெஜ் இரண்டு வருஷமாக ஒரே ஒரு டிராகனைப் பூசிக்கொண்டிருந்தார். விரலில் பிரஷ் நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு பூசினது. அதைப் பொதி கட்டுவதற்காக நெவில் வீட்டுக்கு எடுத்து வந்தார். பெட்டியைத் திறந்ததும் முகம் சுருங்கிவிட்டது. நீலத்தை அப்பியிருந்தது, செதில் எது, இறக்கை எது என்று தெரியவில்லை. கண் ஒன்று நெற்றிக்கு ஏறிக் கிடந்தது. நாலு ஊர் சங்கம் பார்க்குமே, செயலாளர் யார் என்று கேட்பார்களே என்றுதான் அவர் நினைத்தார். சிநேகிதனை நினைக்கவில்லை. கண்ணை மட்டும் திருத்துவோம் என்று உட்கார்ந்தார். கண் சரியானதும் முகம் அசிங்கமாகத் தெரிந்தது. முகத்தைச் சரிபண்ணினால் கழுத்து. கடைசியில் வர்ணத்தைக் கழற்றுவதற்கென்று ஒரு ஜாம் பாட்டில் நிறைய டெட்டால் ஊற்றி டிராகனையே உள்ளே முக்கிவிட்டார். மறுநாள் டூத் பிரஷால் தேய்த்ததும் ரெஜின் இரண்டு வருஷமும் கூழாகக் கழன்று வந்தது. அதைச் சாக்கடையில் ஊற்றினார். டொரீன் பிங்கோ விளையாடப் போன மூன்று மதியங்களில் அதே நீலத்தில், ஆனால் தன் கையால், வெறும் ஈயத்திலிருந்து முழுசாகப் பூசி முடித்தார். எடுத்துப் போகும்போது ரெஜிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தார். சொல்லவில்லை.

அந்த டிராகனுக்கு முதல் பரிசு. ரெஜை மேடைக்குக் கூப்பிட்டார்கள். குடுமி வைத்த நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியை நீட்டி, "இறக்கையில இந்த நிழல எப்படிங்க கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். ரெஜ் மேஜைமேல் இருந்த டிராகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "மெதுவா" என்றார். மண்டபமே கைதட்டியது. மூன்றாம் வரிசையில் நெவிலும் தட்டினார், தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே. திரும்பி வரும் பஸ்ஸில் ரெஜ் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தார். ஊர் எல்லை வந்ததும் வாயைத் திறந்து, "நல்லா பேக் பண்ணிருந்த நெவ்" என்றார். நெவிலுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் காலையில்தான் டிராகன்கள் திரும்பிக்கொண்டன.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம். நெவில் முதலில் எல்லாவற்றையும் அறை பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார், தேநீர் போட்டுவிட்டு வருவதற்குள் பழையபடி நின்றன. சுவரில் கண்ணாடி மாட்டினார், முகத்தையாவது பார்க்கலாம் என்று. டிராகன்கள் ஈய இமைகளைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டன. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். புதிதாக வாங்கி வந்தவை ஒரு ராத்திரி அறையைப் பார்த்து நிற்கும், மறுநாள் மற்றவை என்ன சொன்னனவோ, அவையும் திரும்பிவிடும். பிரஷ்ஷைக் கண்ணருகே கொண்டுபோனால் தலையை வெட்டிக்கொள்ளும். ஆகவே நெவில் முதுகுகளை மட்டும் பூசினார். டிராகன் முதுகு பூசுவதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நல்ல பெயர் வந்தது, வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். வெட்டி வைத்த ஃபோம் குழி எதுவும் பொருந்தாமல், முறுக்கின கழுத்துகளுக்கு ஏற்ப எல்லாவற்றையும் மறுபடி வெட்டினார். கேட்டவர்களிடம் "வெளிச்சம் பட்டா வர்ணம் வெளுத்துரும், அதான் திருப்பி வச்சிருக்கேன்" என்றார். யாரும் நம்பவில்லை. யாரும் விடாப்பிடியாகக் கேட்கவுமில்லை.

ரெஜ் அந்தப் போட்டிக்குப் பின் பிரஷ்ஷைத் தொடவில்லை. சங்கத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார், பிறகு அதுவும் நின்றது. எதிரே அவர் வந்தால் நெவில் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்: உன் டிராகனை நான் அழித்துவிட்டேன், மன்னித்துவிடு. காலையில் சவரம் செய்யும்போது அதைச் சொல்லிப் பார்ப்பார். கண்ணாடியில் நன்றாகத்தான் வரும். தெருவில் ரெஜின் தொப்பியைப் பார்த்ததும் கூனிக் குறுகிவிடுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ரெஜ் வீட்டுக் கதவு வரை போய், மணியடிக்காமல், பூச்செடிக்குப் பக்கத்தில் ஒரு கேக்கை வைத்துவிட்டு ஓடிவந்தார். அறுபது வயது ஆள் இப்படி ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விஷயத்தை எப்படியோ கறந்துவிட்ட டொரீன் மட்டும், "போய்ச் சொல்லித் தொலையேன். அடிச்சா வாங்கிக்க. அவருக்கு விரலே மடங்காது, பெருசா வலிக்காது" என்றாள்.

2007 இலையுதிர்காலத்தில் ரெஜின் மகள் கெய்ல் கதவைத் தட்டினாள். "நெவ் மாமா, அப்பாவ கடலோரத்துல ஸ்கெக்னெஸ்ல இருக்க என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். இனிமே தனியா இருக்க முடியாது. அவரு டிராகன எல்லாம் பேக் பண்ணணுமாம், நீங்கதான் வரணுமாம். நான் பண்றேன்னா அடிக்க வர்றாரு" என்றாள். மறுக்க முடியுமா? ஃபோம், கத்தி, டிஷ்யூ பேப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டு நெவில் போனார். தெருமுனை வந்ததும் திரும்பிவிடலாமா என்று நின்றார், பின்னாலேயே கெய்ல் வந்ததால் நடந்தார்.

ரெஜ் நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் நாற்பது டிராகன்கள். நாற்பதும் சுவரைப் பார்த்து நின்றன. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே பரிசு வாங்கின நீல டிராகனும் கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்றது. தான் உள்ளே நுழைந்ததால்தான் எல்லாம் திரும்பிவிட்டன என்று நெவில் நினைத்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஃபோம் கட்டைக் கீழே போட்டார். கண்ணாடி முன் பதினோரு வருஷம் பழகின வாக்கியம் ஒழுங்காக வரவில்லை.

"ரெஜ், நான்தான்டா. அதக் கழுவிட்டேன். டெட்டால்ல போட்டு... உன்னுது நல்லால்லன்னு நெனச்சேன். என் மானம் போயிரும்னு... நீ என்னைய என்ன வேணா பண்ணு. இதுங்கள மட்டும் திரும்பச் சொல்லு."

"முடிச்சிட்டியா?" என்றார் ரெஜ். "நீ வந்ததுக்காக ஒண்ணும் இதுங்க திரும்பல. பெரிய இவன் பாரு. பதினோரு வருஷமா இப்படித்தான் நிக்குதுங்க."

நெவிலுக்குப் புரியவில்லை. "என்னைக்கிலேர்ந்து?"

"கப்ப வாங்கிட்டு வந்த மறுநாள்லேர்ந்து. மேடைல பாத்ததுமே தெரிஞ்சிருச்சு எனக்கு. என் கை எனக்குத் தெரியாதா? அந்தாளு கேட்டப்ப, என்னுது இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல. கை தட்டுனாங்க நெவ். முப்பத்தஞ்சு வருஷம் பூமிக்குள்ள குடைஞ்சேன், ஒரு பய கை தட்டல. அன்னிக்குத் தட்டுனாங்க. நல்லா இருந்துச்சுடா. அதான் அசிங்கம். நல்லா இருந்துச்சு."

"தப்பு என்னுது."

"உன்னுது உன்கிட்ட இருக்கட்டும். எனக்கு என்னுது இருக்கு." ரெஜ் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "என் நீலத்த எங்கடா ஊத்துன?" என்றார்.

"சாக்கடைல."

"ரெண்டு வருஷம்டா."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது" என்றார் ரெஜ். நெவில் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். கெய்ல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், பெரியவர்கள் அழுவதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்குப் பொதி கட்டவில்லை. ரெஜ் சொன்னபடி நெவில் கடைக்குப் போய் டெட்டால் வாங்கி வந்தார். பாத்திரம் தேடினபோது, "கப்ப எடு, வேற எதுக்கு ஆகும் அது?" என்றார் ரெஜ். வெள்ளிக் கோப்பையில் டெட்டாலை ஊற்றி நீல டிராகனைத் தலைகீழாக முக்கினார்கள். மறுநாள் நெவில் தன் மூன்று மதியங்களைத் தானே தேய்த்துக் கழற்றினார். ரெஜ் மேற்பார்வை பார்த்தார், "அக்குள்ல விட்டுட்ட பாரு" என்று குத்திக்காட்டவும் செய்தார். ஈயம் வெளியே வந்து, காய்ந்ததும், ரெஜின் விரலில் பிரஷ்ஷை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டார் நெவில். நீலம் மறுபடி அப்பலாக ஏறியது. நெவில் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரெஜ் இடது கண்ணை வைத்தார். அது நெற்றிக்கு ஏறிவிட்டது. "வலது நீ வையி" என்றார். பதினோரு வருஷமாக முதுகு தவிர எதையும் பூசாத நெவிலுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போய், டிராகனின் வலது கண் மூக்குப் பக்கம் சறுக்கியது. ரெஜ் இருமும்வரை சிரித்தார்.

அந்த டிராகன் திரும்பவில்லை. மாறுகண்ணோடு நேராக அவர்கள் இருவரையும் பார்த்தது. பதினோரு வருஷமாக இதற்குத்தான் ஏங்கினார்கள். ஆனாலும் பார்வை பட்டதும் இருவராலும் அதைத் தாங்க முடியவில்லை. நெவில் தரைவிரிப்பைப் பார்த்தார், ரெஜ் தன் விரல்களைப் பார்த்தார். டிராகன் கண்ணை எடுக்கவில்லை.

மற்ற நாற்பதையும் நெவில் முறுக்கின கழுத்துக்குக் குழி வெட்டி, முதுகு மேலே தெரிய அடுக்கிக் கட்டினார். மாறுகண்ணனுக்கு வெட்டும்போது, நேராக நிற்கும் டிராகனுக்கு எப்படி வெட்டுவது என்பதே மறந்துபோய் இரண்டு ஃபோம் பாழாயிற்று. மூன்றாவதில் பொருந்தியது. டிஷ்யூவை முகத்தின்மேல் கொண்டுவந்தபோது ரெஜ் தடுத்தார். "மூஞ்சிய மூடாத. பாத்துக்கிட்டே வரட்டும்." நெவில் மூடியில் ஒரு சதுரம் வெட்டிவிட்டார். ரெஜ் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

ஸ்கெக்னெஸ்ஸில் இப்போது அது ஜன்னலோரம் இருக்கிறது, அறையைப் பார்த்து. மற்ற நாற்பதும் அதே ஜன்னலில் அறைக்கு முதுகைக் காட்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பி நிற்பதால், அவற்றின் முகத்தை இருவரும் இன்னும் பார்க்கவில்லை, தெருவில் போகிற யாரோ எவரோதான் பார்க்கிறார்கள். நெவில் வீட்டிலும் எல்லாம் சுவரைப் பார்த்தே நிற்கின்றன. டொரீன் இப்போது தாராளமாகத் தூசி தட்டுகிறாள், முதுகில் தட்டுவது சுலபம் என்கிறாள். மாதத்தில் முதல் செவ்வாய் நெவில் ஸ்கெக்னெஸ்ஸுக்கு பஸ் ஏறுவார். இரண்டு பேரும் அந்த டிராகனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள். முதல் வருஷம் ஒரு நிமிஷம்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போன மாதம் ஒரு முழு மீன் பொட்டலம் தீரும்வரை பார்த்தார்களாம்.