வலது மூலையில் கடிகாரம்

கடிகாரம் என்னவோ ஓடியது. அதைத் தவிர திரையில் வேறெதுவும் அசையவில்லை. எண்ணைத் தட்டினால் விழவில்லை, 'பதிவு செய்' பொத்தான் அமுங்கவில்லை. சலவைக்கூடத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்து, வேலைக்கு வருகிறவர்களின் வருகையைப் பதிகிறவள் அவள். வீடியோ பார்த்துப் பார்த்தே அவள் கட்டிய முதல் புரோகிராம் அது. அதில் இதுவரை ஆள் எண்ணையும் வந்த நேரத்தையும் கையால்தான் தட்டிக்கொண்டிருந்தாள். வலது மூலையில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, நேரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்படி செய்தால் என்ன என்று அவளுக்கே தோன்றியது. வாய் சும்மா இருக்காமல் மேனேஜரிடமும் சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டு நேரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியபின்தான் பிடிபட்டது. நேரத்தை எழுது, ஒரு நொடி தூங்கு, மறுபடி எழுது என்று முடிவில்லாமல் சுற்றவிட்டிருந்தாள். அந்தச் சுற்றைவிட்டு வெளியே வந்தால்தானே அது அடுத்தவர் சொல்வதைக் கேட்கும்? சுற்றை எடுத்தாள். ஒருமுறை எழுது, ஒரு நொடி கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள் என்று மாற்றினாள். நொடிகள் வழுக்கிக்கொண்டு போயின. எண்ணும் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேனேஜர் வந்து பார்த்து, இனி நேரத்தை யாரும் கையால் தொடவேண்டாம், அந்தக் கட்டத்தைப் பூட்டிவிடு என்றார். பூட்டினாள்.

"கம்ப்யூட்டரக்கா பெரிய ஆளாயிட்டாங்கப்பா, இனிமே நம்மளயெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா என்னமோ" என்று துணி மடிக்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை நல்ல மழை. எட்டு மணிக்கு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். எட்டேகாலும் தாண்டியபின், இஸ்திரி போடுகிறவள் முற்றத்தின் குறுக்கே ஓடிவருவது கண்ணாடி வழியே தெரிந்தது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவள். பாதி நாள் இந்த நேரம்தான். மேசையில் இருக்கிறவள் ஏன் என்று கேட்டதில்லை, இஸ்திரிக்காரியும் சொல்லிப் புலம்பியதில்லை. எட்டுக்குச் சற்று முன்னால் வந்ததாக மேசைக்காரியே நேரத்தைத் தட்டிவிடுவாள், அவ்வளவுதான். பத்து நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி போகும். மூன்று தடவையானால் வேலையே போகும். அந்தக் கட்டத்தைப் பூட்டும்போது இஸ்திரிக்காரியின் முகம் ஒரு கணம்கூட நினைவுக்கு வரவில்லையே என்று இருந்தது.

பூட்டைத் திறக்க அவளுக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மேசையிலும் இதே திரைதான் திறந்திருந்தது.

இஸ்திரிக்காரி மூச்சிரைக்க வந்து அட்டையை நீட்டினாள். கண் திரைக்குப் போனது.

"நேத்து சொல்லிக்கிட்டாங்களே, அது இதுதானாக்கா? நீங்களே செஞ்சதா?"

"ஆமா."

"அழகா ஓடுதுக்கா."

எண்ணைத் தட்டியாயிற்று. பொத்தான் ஒன்றுதான் பாக்கி. அவள் தயங்கத் தயங்க நேரம் ஏறிக்கொண்டே போனது. தலையிலிருந்து வழிந்த மழைநீரைத் துடைக்கவும் மறந்து, எண்கள் ஒவ்வொன்றாய் மாறுவதை இஸ்திரிக்காரி சிரித்த முகமாய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள்.